இடது பக்கம் தொங்கிய பை

சென்சார் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று என் பழைய பட்டறையிலிருந்து கேட்டார்கள். புதிதாகச் சேருகிற டெக்னீஷியன்களுக்குக் கொடுக்கும் கையேட்டில் போடுவார்களாம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், யாரும் படிக்க மாட்டார்கள் என்றும் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே எழுதி அனுப்பிவிட்டேன். ஒயர்களைச் சேர்க்கிற கப்ளரைக் கழற்று, உள்ளே இருக்கிற ஊசி வளைந்திருக்கிறதா பார், வோல்ட்டேஜ் வருகிறதா பார், ஒயரை அசைத்துப் பார், கடைசியாகத்தான் சென்சாரை மாற்று. எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அனுப்பிய பிறகு இரண்டு நாளாக மனசு ஒரு நிலையில் இல்லை. முக்கியமானதை விட்டுவிட்டேன் என்று எனக்கே தெரியும். அதை எழுத ஒரு பக்கம் போதாது. எனக்கு இப்போது நேரத்துக்குப் பஞ்சமும் இல்லை. வீட்டில் நான் ஒருவன்தான். காலையில் ஒரு டம்ளர் அரிசி போட்டால் ராத்திரி வரைக்கும் வருகிறது. ஆகவே இது கையேட்டுக்காக எழுதுவது அல்ல.

திருச்செங்கோட்டில் ஒரு இரு சக்கர வண்டி ஷோரூமின் சர்வீஸ் பட்டறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தேன். சேலத்தில் ஐ.டி.ஐ. படிப்பு, ஒரு வருடம் அப்ரண்டிஸ், பிறகு கார்புரேட்டரைக் கழுவிக் கழுவி விரல் வெளுத்த காலம், இதெல்லாம் எல்லா மெக்கானிக்கும் சொல்கிற கதைதான். அந்தக் காலத்து வண்டி நின்றால் பெட்ரோல் வரவில்லை, இல்லாவிட்டால் கரண்ட் வரவில்லை. பிற்பாடு வண்டிக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்துகொண்டது. அது தானாக எதையும் பார்க்காது. பத்து இடத்திலிருந்து சேதி கேட்டுத்தான் எதையும் செய்யும். அந்தச் சேதியைச் சொல்கிறவைதான் சென்சார்கள். ஒன்று தப்பாகச் சொன்னாலும் போதும், நல்ல எஞ்சின் நட்டநடு ரோட்டில் நின்றுவிடும். ஐம்பது வயதை நெருங்கும்போது இதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். என்னோடு வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர், இந்த வயதில் படிப்பா என்று சொந்தப் பட்டறை வைத்துப் போய்விட்டார்கள். நான் படித்து ஃபோர்மேன் ஆனேன். கொஞ்சம் தலைக்கனமும் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் பெயர் தனபால். என்னைவிட ஐந்து வயது சின்னவர். ஆனாலும் நான் அவரை சார் என்பேன், அவரும் என்னை சார் என்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காலையில் வந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் நிற்பார். வண்டியைத் தொடமாட்டார். அதோடு இருக்கிற ஜாப் கார்டை மட்டும் எடுத்துப் படிப்பார். வாடிக்கையாளர் சொன்ன குறை, நாங்கள் பார்த்த சோதனை, கண்டறிந்த காரணம், செய்த வேலை என்று அதில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். 'காரணம்' என்ற கட்டத்தில் நாங்கள் எழுதியது அவருக்குச் சரியாகப் படவில்லை என்றால், சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அடியில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்தக் கோட்டுக்குப் பயந்து மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு எஞ்சினைத் திரும்பப் பிரித்தவர்கள் உண்டு. நானும் பிரித்திருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்கிற பாடமும் ஒன்றுதான். "கஸ்டமர் சொல்றத எழுதிக்குங்க. நம்பாதீங்க." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எஞ்சினில் சத்தம் என்று வருவார்கள், பார்த்தால் நம்பர் பிளேட் ஆடும். மைலேஜ் இல்லை என்று வருவார்கள், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். நாளாக நாளாக நானும் வண்டிக்காரர் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு மீட்டரையும் கருவியையும் மட்டும் பார்க்கப் பழகிக்கொண்டேன். அதுதான் தொழில் சுத்தம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

பட்டறையில் என் பெயரைச் சொல்லும்படி ஒரு ரூல் இருந்தது. இளம்பிள்ளை ஊரிலிருந்து ஒரு சேலை வியாபாரி வண்டியை சர்வீசுக்கு விட்டபோது, பக்கப் பெட்டியில் இரண்டு பட்டுச் சேலையை மறந்துவிட்டுப் போனார். வண்டியைக் கழுவும்போது பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அது ஒரு கல்யாணத்துக்கு நெய்த சேலை. பெண்ணுடைய மாமன்மார் நாலு பேர் வந்து ஷோரூமில் புது வண்டிகளின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களை இறக்குவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் நான் அந்த ரூலைப் போட்டேன். வண்டி கேட்டுக்குள் வருவதற்கு முன்பே பை, பெட்டியில் உள்ளது, மழைக்கோட்டு, சாப்பாட்டுத் தூக்கு எல்லாவற்றையும் இறக்கி வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். 'வண்டியில் பொருள் எதுவும் இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். தனபால் சார் அதைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவர் தலையாட்டுவது அபூர்வம். எங்கள் முதலாளியின் மற்றக் கிளைகளிலும் அதைக் கொண்டு வந்தார்கள்.

ரிட்டயர் ஆக நான்கு மாதம் இருந்தபோது மாரப்பன் என்பவர் முதல் முறை வந்தார். மல்லசமுத்திரம் பக்கம் ஊர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள். வண்டி வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "ஓடிட்டு இருக்கறப்பவே பட்டுனு நின்னுருதுங்க. மீட்டர்ல ஒரு லைட்டு வந்துட்டுப் போவுதுங்க" என்றார். எந்த விளக்கு என்று கேட்டேன். சைடு ஸ்டாண்டு விளக்கைக் காட்டினார். அவர் பேசும்போது கிராம்பு வாசம் அடித்தது. வேலை நேரத்தில் கிராம்பு மெல்லுகிறவர்கள் எதை மறைக்க மெல்லுகிறார்கள் என்று பட்டறையில் எல்லோருக்கும் ஒரு எண்ணம் உண்டு. எனக்கும் இருந்தது. என்ன தொழில் என்று நான் கேட்கவில்லை. ஜாப் கார்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

புது வண்டிகளில் சைடு ஸ்டாண்டை எடுக்க மறந்து கியர் போட்டால் எஞ்சின் தானாக நின்றுவிடும். ஸ்டாண்டு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்கு, இடது பக்கம் ஸ்டாண்டு மடங்குகிற இடத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார் இருக்கும். ஸ்டாண்டோடு சேர்ந்து ஒரு சின்னக் காந்தம் திரும்பும். சென்சார் அந்தக் காந்தத்தைத்தான் கவனித்துக்கொண்டிருக்கும். அது தப்பாகச் சொன்னால் மாரப்பன் சொன்னது நடக்கும். ஆகவே கேட்டில் வைத்து அவர் பையை இறக்கிக் கையில் கொடுத்துவிட்டு, வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். தூக்கும்போது பை கனமாக இருந்தது. கப்ளரைக் கழற்றித் துடைத்தேன். ஸ்டாண்டை ஐம்பது தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் பதிவானதைப் படிக்கிற கருவியை மாட்டிப் பார்த்தேன். பழைய குறை எதுவும் பதிவாகவில்லை. பதிவாகவும் ஆகாது. ஸ்டாண்டு கீழே இருப்பது கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஒரு குறையே அல்ல. நானே ஓட்டிப் பார்த்தேன், ஒழுங்காக ஓடியது.

மூன்று வாரத்தில் திரும்ப வந்தார். தினமும் நிற்பதில்லை, சில நாள் மட்டும் நிற்கிறது என்றார். இந்த முறை சென்சாரையே மாற்றினோம். ஒயரை முழுவதும் பிரித்துப் பார்த்துத் திரும்பச் சுற்றினோம். மூன்றாவது முறை வந்தபோது இரண்டு நாள் வண்டியை வைத்துக்கொண்டு, மலையைச் சுற்றி, ஈரோடு ரோட்டில், வேகத்தடைகளில் எல்லாம் ஓட்டினேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. 'காரணம்' என்ற கட்டத்தில் 'குறை காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தனபால் சார் படித்துவிட்டுக் கோடு போடாமல் அவரும் கையெழுத்துப் போட்டார். மாரப்பன் வண்டியை எடுக்க வந்தபோது நான் வண்டியில் ஒன்றுமில்லை, நீங்கள்தான் காலால் ஸ்டாண்டைத் தட்டிவிடுகிறீர்கள்போல என்றேன். அவர் பெஞ்சில் இருந்த பையை எடுத்து மாட்டிக்கொண்டு போனார்.

பிறகு ஒரு மாதத்துக்கு மேல் ஆளைக் காணோம். நான்காவது முறை வந்தபோது வண்டியின் இடது பக்கம் முழுவதும் உரசியிருந்தது. பின் சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்க மாட்டுகிற கம்பி மட்டும் புதிதாக இருந்தது. கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, யாரும் சொல்வதற்கு முன்பே தன் பையை இறக்கிப் பெஞ்சில் வைத்தார். ரிப்பேருக்கு வரவில்லை என்றார். நடந்ததைச் சொன்னார். எடப்பாடியில் மச்சினன் வீட்டு விசேஷத்துக்கு மனைவியோடு போயிருக்கிறார். சங்ககிரி பைபாஸில் வண்டி பட்டென்று நின்றிருக்கிறது. பின்னால் வந்த மினி லாரி இடித்து இருவரும் விழுந்திருக்கிறார்கள். அவருக்குச் சிராய்ப்பு. அந்த அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. பிளேட் வைத்திருக்கிறார்கள்.

ஒரு காலத்தில் மாரப்பன் நன்றாகக் குடித்தவர். அதை அவரே சொன்னார். போர்வெல் லாரியோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது பிடித்த பழக்கம். விட்டு ஏழு வருடம் ஆகிறது. நாக்கு கேட்கும்போதெல்லாம் கிராம்பைப் போட்டுத்தான் விட்டிருக்கிறார். ஆனால் குடித்த காலத்திலும் வாடை தெரியாமல் இருக்க அதே கிராம்பைத்தான் மென்றுகொண்டு வீட்டுக்குப் போவாராம். ரோட்டோரம் கால் ஒடிந்து கிடந்த அந்த அம்மா, முதலில் சொன்ன வார்த்தை 'ஊதுங்க' என்பதுதான். இவர் ஊதியிருக்கிறார். கிராம்பு வாசம் வந்திருக்கிறது. அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனவர், கால் ஆறினாலும் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டாராம்.

"வண்டி தானா நின்னுச்சுனு ஒரு வார்த்த எழுதிக் குடுங்க, போதும். வேற ஒண்ணும் வேண்டாமுங்க" என்றார்.

பார்க்காததை எழுத முடியாது என்றேன். என் மூன்று சோதனைகளையும் விளக்கினேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க பாக்கலீன்னா, அது நடக்கலீங்களா?" என்று கேட்டார்.

அதே கேள்வியை வேறு ஒரு ஆள் என்னிடம் கேட்காமலே போய்விட்டாள். என் மனைவி விஜயா. அவள் இறப்பதற்கு முந்திய வருடம், மாடிப்படி ஏறும்போது மட்டும் நெஞ்சைப் பிடிக்கிறது என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். படுக்க வைத்து ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. மறுபடியும் ஒரு தரம் சொன்னாள், மறுபடியும் எடுத்தோம், அதுவும் நன்றாக இருந்தது. படி ஏறும்போது வருகிறது என்கிறாள், படுக்க வைத்துப் பார்க்கிறார்களே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதைக் கேட்டிருக்கவும் வேண்டும். ஓடும்போது நிற்கிற வண்டியை ஸ்டாண்டு போட்டுப் பார்க்கக் கூடாது என்று நாலு பேருக்குப் பாடம் நடத்துகிறவன் நான். ஆனால் காகிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்து, உனக்கு ஒன்றும் இல்லை, வீணாக நினைத்துக்கொள்ளாதே என்றுதான் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் சொல்லவே இல்லை. எட்டு மாதம் கழித்து மொட்டை மாடிக்குத் துணி காயப்போட ஏறியவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் அப்போது பட்டறையில் யாருடைய வண்டியையோ சோதித்துக்கொண்டிருந்தேன். அதை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு என்மேலேயே கோபம் வரும். அழுகைகூட அதற்குப் பிறகுதான் வரும்.

மாரப்பனிடம் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். நீங்கள் வேலைக்குப் போகிற மாதிரியே கிளம்புங்கள், எதையும் மாற்றாதீர்கள், நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன் என்றேன். தனபால் சாரிடம் சொல்லவில்லை. விடுமுறை நாளில் நான் எங்கே போனால் அவருக்கென்ன.

ஞாயிறு காலை பஸ் பிடித்து அவர் ஊருக்குப் போனேன். அவர் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. கடையில் வாங்கி வந்த இட்லியை ஆளுக்கு மூன்றாகச் சாப்பிட்டோம். பிறகு வண்டியை எடுத்தார். தடித்த கித்தான் பை, நீளமான வார் வைத்தது. அதைப் பின் சீட்டில் வைத்துக் கட்டப் போனவர், நான் ஏறுவதைப் பார்த்ததும் எடுத்து, சீட்டும் டேங்கும் சேருகிற இடத்தில் வாரை மாட்டி இடது முழங்காலுக்குக் கீழே தொங்கவிட்டார். பின்னால் ஆள் உட்கார்ந்தால் எப்போதும் இப்படித்தானா என்று கேட்டேன். ஆமாம், ஆள் இருந்தாலும் கயிற்றுக்கட்டு இருந்தாலும் பை முன்னால் வந்துவிடும் என்றார். விசேஷ வீட்டுக்குப் போனாலும் பையை விட்டுவிட்டுப் போவதில்லை, எங்கிருந்து எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது என்றார். எனக்கு அப்போதும் புத்தியில் படவில்லை.

ஊரைத் தாண்டி நாலைந்து கிலோமீட்டர் போயிருப்போம். ஒரு கோழிப்பண்ணையின் சுவர் ஓரமாக ரோடு வளைகிறது. அங்கே ஒரு வேகத்தடை. வண்டி ஏறி இறங்கியது. எஞ்சின் நின்றது. அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். மீட்டரில் ஸ்டாண்டு விளக்கு எரிந்தது. ஸ்டாண்டு மேலேதான் இருந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

அசையாதீர்கள் என்று சொல்லிவிட்டு இறங்கி ரோட்டில் உட்கார்ந்து பார்த்தேன். வேகத்தடையில் நாங்கள் இருவரும் அப்படிக் குலுங்கினோம். தொங்குகிற பை ஆடிக்கொண்டிருக்க வேண்டும். அது ஆடவில்லை. அடிப்பக்கம் வண்டியின் இரும்புச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டு இழுத்தேன், வர மறுத்தது. பலமாக இழுத்ததும் விட்டது. விளக்கு அணைந்தது. பைக்குள் என்ன என்று கேட்டேன். நான்கு முறை அந்தப் பையைப் பார்த்திருக்கிறேன், முதல் முறையாக அப்போதுதான் கேட்டேன்.

"காந்தமுங்க" என்றார்.

போர்வெல் துளைக்குள் கழன்று விழுந்த துளைபோடும் பிட்டு, நழுவிய ஸ்பானர், கயிறு அறுந்த மோட்டார், இவற்றைக் கயிற்றில் காந்தத்தைக் கட்டி இறக்கி எடுப்பதுதான் அவர் தொழில். சாக்கும் டியூபும் சுற்றி வைத்திருந்தார். பிரித்தால் ஒரு சொம்பு அளவில் இரும்புக் கட்டி. பத்து வருடம் பழைய வண்டியில் இதே பையை இப்படியே தொங்கவிட்டவர். அந்த வண்டியில் சென்சார் இல்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை. புது வண்டியில் பை குலுங்கி ஸ்டாண்டுப் பக்கம் போய் ஒட்டும்போது, சென்சார் தன் சின்னக் காந்தத்தை விட்டுவிட்டு இதைப் பார்த்துவிடுகிறது. அவரைக் கிளட்சைப் பிடித்துக் கியரில் எஞ்சினை ஓடவிடச் சொல்லிப் பையைக் கிட்டே கொண்டுபோனேன், நின்றது. எடுத்தேன், விளக்கு போனது. ஏழெட்டுத் தடவை செய்து பார்த்தேன். என் வேலையில் எவ்வளவோ கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். இதில் சந்தோஷம் வரவில்லை, சொல்லியாக வேண்டுமே என்ற பயம்தான் வந்தது.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். சென்சாரில் தப்பில்லை, பையில் இருப்பதுதான் வண்டியை நிறுத்தியிருக்கிறது என்றேன். அவர் கோழிப்பண்ணைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"அப்ப அவ கால நாந்தான் ஒடிச்சனுங்களா?"

"மூணு தடவ இந்தப் பைய நாந்தானுங்க எங்கையால எறக்கி உங்ககிட்டக் குடுத்தேன். எறக்காம ஒரு நாள் ஓட்டிப் பாத்திருந்தா, அவங்க இப்ப நடந்துட்டு இருப்பாங்க. பாதி எம்பட தப்பு" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே உறைத்தது. என் ரூலைச் சரியாகக் கடைப்பிடித்ததால்தான் கோளாறு ஒவ்வொரு முறையும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டது, நாங்கள் வண்டியை உள்ளே சோதித்துக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை நான்காவது ஜாப் கார்டை எழுதினேன். 'காரணம்' என்ற கட்டத்தில் முதலில், 'வாடிக்கையாளர் சொன்னது முழுவதும் உண்மை. ஓட்டத்தில் வண்டி தானாக நின்றது, நான் கூட இருந்து பார்த்தேன்' என்று எழுதினேன். காந்தத்தைப் பற்றி அதற்குக் கீழே எழுதினேன். தனபால் சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார், கார்டை எடுத்துப் படித்தார். முதல் வரியில் அவர் பார்வை நின்றது. சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"மூணு கார்டுலயும் ஒண்ணும் இல்லைனு உங்க கையெழுத்து இருக்கு சார்" என்றார்.

ஆமாம் சார் என்றேன். அவர் கார்டை இன்னொரு முறை படித்தார். "என்னோடதும் இருக்கு" என்று சொல்லிப் பேனாவை மூடிப் பையில் வைத்தார். நீலப் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். சாயங்காலத்துக்குள் ரூலும் மாறியது. இப்போதெல்லாம் பொருளை இறக்குவதற்கு முன்பே, வாடிக்கையாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நடை ஓட்டிப் பார்க்கிறார்கள்.

மறு ஞாயிறு கார்டின் நகலோடு நானும் மாரப்பனும் எடப்பாடிக்குப் போனோம். பை இந்த முறை என் தோளில், வலது பக்கம். மச்சினன் வீட்டை ஒட்டியே தறிக்கூடம். எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. மாரப்பனின் மனைவி ருக்குமணி, வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து ஒரு காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார். எங்களைப் பார்த்ததும் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். வாங்க என்று என்னைப் பார்த்து மட்டும் சொன்னார். நான் கார்டை நீட்டினேன். அவர் அண்ணன் அதை இடையில் வாங்கிப் படித்தார்.

"காயிதத்துல என்ன வேணாலும் எழுதலாமுங்க. இந்தாளுக்காவ ஊர்ல நாலு பேரு வந்து சத்தியம் பண்ணுன காலமெல்லாம் நாங்க பாத்துட்டமுங்க" என்றார்.

கோபத்தோடு சொல்லவில்லை. அலுத்துப்போன குரல். நானும் வாதாடவில்லை. தறியைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். இந்தச் சத்தத்தில் எஞ்சின் நிற்பது கேட்காது என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒவ்வொன்றாகத் தறிகள் நின்றன. மாரப்பன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேருக்குப் பக்கத்தில் நிறுத்தி ஏறி உட்கார்ந்தார். ஸ்டாண்டை மடக்கி, கிளட்சைப் பிடித்து, கியர் போட்டார். எஞ்சின் ஓடியது. நான் பையை அந்த அம்மாவின் மடியில் வைத்து, நீங்களே கொண்டுபோய் வையுங்கள் என்று இடத்தைக் காட்டினேன்.

அவர் தயங்கித் தயங்கிப் பையை நீட்டினார். கை பாதி தூரம் போனதும் திடுக்கிட்டு, "இழுக்குதுங்க" என்றார். பை சட்டத்தில் ஒட்டியது. எஞ்சின் நின்றது. அந்த அமைதியில் பக்கத்துத் தெருத் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. இழுத்து எடுங்கள் என்றேன். இரண்டு கையாலும் இழுத்து எடுத்தார். மாரப்பன் பட்டனை அழுத்தினார், ஓடியது. மறுபடியும் வைத்தார், நின்றது. மூன்றாவது தடவை யாரும் சொல்லாமல் அவராகவே வைத்தார். நின்றது. பையை மடியில் வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தார். மாரப்பன் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பையத் தொங்கவிட்டது நாந்தான். தெரியாம போச்சு" என்றார்.

ருக்குமணி மடியில் இருந்த பையின் வாரைச் சுற்றி வைத்தார். "அன்னிக்கு ரோட்டுல வெச்சு உங்கள ஊதச் சொன்னனுங்க" என்றார்.

"ஆமா."

"அத்தன பேரு பாக்க ஊதுனீங்க."

மாரப்பன் தலையை மட்டும் ஆட்டினார். அண்ணன் தறிக்கூடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தவர் உள்ளே போய்விட்டார். அந்த அம்மா கையை நீட்டி, "ஒண்ணு குடுங்க" என்றார். மாரப்பனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்து ஒரு கிராம்பை அவர் உள்ளங்கையில் வைத்தார். அவர் அதை வாயில் போட்டுக்கொண்டார். காரம் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்தால்தான் என்று நாங்கள் எல்லோருமே வைத்துக்கொண்டோம்.

உள்ளே தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. அண்ணன் எனக்குக் காபி கொண்டுவந்து கையில் கொடுத்தார். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு அப்படியே மல்லசமுத்திரம் போய்விடலாம் என்று புருஷனும் மனைவியும் சத்தத்துக்கு நடுவில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே வேலை முடிந்துவிட்டது. பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன் என்று எழுந்தேன்.

ருக்குமணி சேரில் இருந்தபடியே கும்பிட்டார். "எங்கூட்டுக்கு ஒரு நாளு சாப்புட வரோணுமுங்க. ஊட்டம்மாவையும் கூட்டியாங்க. எங்காலு சரியாயிருமுங்க அதுக்குள்ள" என்றார்.

விஜயா போய் நாலு வருடம் ஆகிவிட்டிருந்தது. ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஒரு வாரத்துக்கு முன்புதான் கார்டில் உண்மையை எழுதி, அதற்கு மேனேஜரிடம் கையெழுத்தும் வாங்கியவன் நான். ஆனால் அந்த அம்மா கேட்டபோது, வீட்டில் அவள் இருக்கிற மாதிரியே ஒரு நிமிடம் இருந்தது. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

"சரிங்க. கூட்டிட்டு வாரனுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.